பெரட்டில் முதல் பேர்

தெய்வம்மாவைப் புதைத்த மறுநாள் காலையில் அவள் மகள் இந்துமதி, அம்மாவின் செல்போனுக்குச் சார்ஜ் போட்டு, கண்ணாடியைத் துப்பட்டாவால் துடைத்து லூயிஸிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

விடியற்கால ஜெபம் அந்தப் போனுக்குள்தான் இருந்தது. சேரங்கோட்டு எஸ்டேட்டிலிருந்து தெய்வம்மாவும் லூயிஸும் சேர்ந்து நடத்தியது. ஓடு போட்ட கோயில் எதுவும் அதற்குக் கிடையாது. பந்தலூர், தேவர்சோலை, குந்தா, திருப்பூர், கடலுக்கு அந்தப் பக்கம் அட்டன் என்று எங்கெங்கோ சிதறிக் கிடக்கிற சனம் பொழுது விடியுமுன் போனில் வந்து கூடும். முக்கால்வாசிப் பேர் சிலோன் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள், இல்லையென்றால் அவர்கள் பெற்ற பிள்ளைகள். நடத்தியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி மண்ணுக்குள் போய்விட்டாள். மிச்சமிருப்பவர் லூயிஸ். ஆகவே போன் அவருக்குத்தான் என்பது இந்துமதியின் கணக்கு.

லூயிஸின் கணக்கு வேறு. ஜெபம் பண்ணியது எல்லாம் தெய்வம்மா. அவர் பிறவியிலேயே வேதக்காரர்தான், அவர் அப்பனும் வேதக்காரன். ஆனாலும் ஒரு நாளும் நாலு பேர் கேட்க வாய்விட்டு ஜெபம் பண்ணியதில்லை. கண்ணை மூடிக் குரலை நடுங்கவிட்டுப் பேசுகிறவனைக் கண்டால் அவருக்குச் சந்தேகம் தட்டும். இவன் ஆண்டவர் காதுக்குப் பேசுகிறானா, பக்கத்து வீட்டுக்காரன் காதுக்குப் பேசுகிறானா என்று பார்ப்பார். பெரும்பாலும் இரண்டாவதுதான் என்று முடிவு கட்டுவார்.

தெய்வம்மாவை மட்டும் நம்பினார். அதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் மனைவி படுக்கையில் கிடந்தபோது தெய்வம்மா தினமும் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போவாள். மனைவி பிழைக்கவில்லை. காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு, உன் ஜெபம் என்னத்தைக் கிழித்தது என்று லூயிஸ் கேட்டார். வேறு யாராவது என்றால் ஆண்டவரின் சித்தம், அங்கே சுகமாக இருப்பார் என்று பூசி மெழுகியிருப்பார்கள். தெய்வம்மா, "நான் கேட்டேன்ணே. அவரு குடுக்கல. எனக்கும் கோவந்தான்" என்றாள். அன்றிலிருந்து அவள் பேச்சில் அவருக்கு ஒரு பிடிப்பு.

அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ரெபேக்காள் என்று பேர் மாற்றப் பார்த்தார்கள். அவள் சம்மதிக்கவில்லை. தெய்வம்மா என்ற பேரில்தான் ஆண்டவர் தன்னைக் கூப்பிட்டார், இப்போது பேரை மாற்றினால் அவருக்கே ஆளைத் தெரியாமல் போய்விடும் என்று சொல்லிவிட்டாள்.

கொரோனா வந்து சர்ச்சுக்குப் பூட்டுப் போட்டபோது ஆரம்பித்ததுதான் இந்தப் போன் ஜெபம். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலையிலிருந்த இந்துமதி அங்கிருந்தபடியே எல்லாவற்றையும் அம்மாவின் பேரில் தயார்பண்ணிக் கொடுத்தாள். குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் கிடைக்காது. மேலே தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நின்றால் கிடைக்கும். தெய்வம்மா தனியாகப் போகப் பயந்தாள், அந்த நேரத்தில் ஆனை இறங்கும். காவலுக்கு என்று லூயிஸை அழைத்துப் போனாள். அவர் டார்ச்சும் தகரமுமாகப் போய், பெஞ்சின் ஒரு மூலையில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் நாள் கூட்டம் சந்தைக்கடைதான். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருத்தி வீட்டில் குக்கர் விசிலடித்தது, ஒருத்தன் வீட்டில் சேவல். யாரோ ஒரு புருஷன் என் சட்டை எங்கேடி என்று கத்தியது அட்டன் வரைக்கும் கேட்டது. தெய்வம்மா அல்லேலூயா, அல்லேலூயா என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். லூயிஸுக்குப் பொறுக்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனைப் பிடுங்கினார்.

"எல்லாரும் வாய மூடுங்க. பேர் கூப்பிட்டா மட்டும் இருக்கேன்னு சொல்லு. மத்த ஆளு மூச்சு விடக் கூடாது."

லூயிஸ் எஸ்டேட்டில் கங்காணியாக இருந்தவர். இங்கே மேஸ்திரி என்பார்கள், சிலோன் சனம் கங்காணி என்றுதான் சொல்லும். விடிகாலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புவதற்குப் பெரட்டு என்று பேர். அந்தக் குரல் போனில் வந்ததும் மொத்தக் கூட்டமும் வாயடைத்து நின்றது. பிறகு ஒவ்வொரு பேராகக் கூப்பிட, ஒவ்வொருவராக இருக்கேன் என்றார்கள். திருப்பூரில் பிறந்து தேயிலைச் செடியைப் படத்தில் மட்டும் பார்த்த பிள்ளைகள்கூட இருக்கேன் கங்காணி என்றார்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் பெரட்டுக் கூப்பிடுவார், அவள் ஜெபம் பண்ணுவாள். ஜெபத்துக்கு வேண்டுதல் சொல்கிறவர்களை அவர் குறுக்கு விசாரணை செய்வார். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, நேற்று வேறு மாதிரிச் சொன்னாயே என்பார். பந்தலூரில் ஜீப் ஓட்டுகிற பாண்டியன் கேரளா லாட்டரியில் பரிசு விழ ஜெபிக்கச் சொல்வான். அவனை வெளியே தள்ளு என்று லூயிஸ் சொல்லாத வாரம் கிடையாது. தெய்வம்மா அவனுக்கும் ஜெபம் பண்ணுவாள். லாட்டரிக்குப் பண்ணவில்லை, அவன் வாங்குகிற கைக்குத்தான் பண்ணுகிறேன் என்பாள்.

லூயிஸ் மூன்றாம் வகுப்போடு நின்றவர். பேர்களை எழுதி வைத்துப் படிக்கிற பழக்கம் இல்லை. எல்லாம் மனப்பாடம், ஒன்றைப் பிடித்து ஒன்று வரும். முதல் பேர் தெய்வம்மா. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே அவள், "இருக்கேன்ணே, உனக்குக் கண்ணு தெரியலையா?" என்பாள். தினமும் இதே கேள்வி. தினமும் அவர் அதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த பேருக்குப் போவார்.

சர்ச் திறந்த பிறகும் இது நிற்கவில்லை. வருஷக்கணக்கில் ஓடியது. பிறகு தெய்வம்மாவுக்குச் சர்க்கரை முற்றி, சிறுநீரகம் கெட்டு, ஆடி மழையில் கூடலூர் ஆஸ்பத்திரியில் முடிந்துபோனாள்.

இந்துமதி போனை நீட்டியபடியே நின்றாள். "மாமா, நீங்க இல்லைன்னா இது நின்னு போயிரும்ங்க. அம்மா கடைசியா கேட்டதும் இதைத்தான்." அம்மா அப்படிக் கேட்டாளா, இவளாகச் சேர்த்துச் சொல்கிறாளா என்று லூயிஸ் அவள் முகத்தைப் பார்த்தார். அழுது அழுது வீங்கிய முகம். பொய் சொல்கிற தெம்பு அதில் இல்லை. போனை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் விடியுமுன் மடுவத்துக்குத் தனியாகப் போனார். பெஞ்சில் எப்போதும் உட்காரும் மூலையிலேயே உட்கார்ந்தார். மற்ற மூலை காலியாக இருந்தது. இந்துமதி காட்டிக் கொடுத்த பொத்தானை அமுக்கியதும் சின்னச் சின்னக் கட்டங்களில் ஆட்கள் வந்து நிறைந்தார்கள். அன்றைக்கு ஒருவர் பாக்கியில்லை. லூயிஸ் தொண்டையைச் செருமிவிட்டு வாயைத் திறந்தார்.

"தெய்வம்மா."

வேண்டுமென்று கூப்பிடவில்லை. மாடு தானாகத் தொழுவத்துக்குப் போகிற மாதிரி நாக்கு போய்விட்டது. எந்தப் பக்கத்திலிருந்தும் சத்தம் இல்லை. பிறகு யாரோ ஒரு பெண்பிள்ளை கேவத் தொடங்கினாள். லூயிஸ் அடுத்த பேரைத் தேடினார். வரவில்லை. நடுவிலிருந்து ஒரு பேரைப் பிடிக்கப் பார்த்தார், அதுவும் நழுவியது. போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டு வெளுக்கும் வரை உட்கார்ந்திருந்தார்.

அதோடு முடிவு செய்துவிட்டார், இது தன்னால் ஆகாது என்று. ஜெபமும் வராது, பெரட்டும் போயிற்று. பிறகு எதற்குத் தான்?

கூடலூரில் சபை நடத்துகிற ரமேஷ் பாஸ்டர் அடக்கத்துக்கு வந்திருந்தார். பொள்ளாச்சிப் பக்கத்து ஆள், நாற்பது வயதுக்குள்தான் இருக்கும், யூடியூபில் சேனல் வைத்திருந்தார். வேண்டுமானால் தான் வந்து நடத்திக் கொடுப்பதாகவும், கொஞ்ச நாள் கழித்து எல்லாரையும் தன் சேனலிலேயே சேர்த்துவிடலாம் என்றும் அன்றே சொல்லியிருந்தார். லூயிஸுக்கு அந்த ஆளின் இஸ்திரி போட்ட சட்டையைக் கண்டாலே ஆகவில்லை. ஆனால் வேறு வழி தெரியவில்லை. இந்துமதியிடம் சொல்லி அவரையே கூப்பிட்டார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். பாஸ்டர் நன்றாகத்தான் நடத்தினார். கணீரென்ற குரல். வேத வசனம் தண்ணீர் மாதிரி வந்தது. சத்தம் இடையூறாக இருக்கிறது என்று எல்லாருடைய மைக்கையும் மொத்தமாக அடைத்துவிட்டார். குக்கரும் இல்லை, சேவலும் இல்லை. பெரட்டு விஷயத்தைக் கேட்டுவிட்டு மெல்லச் சிரித்தார். "ஏனுங்க ஐயா, ஜெபத்துல கங்காணி எதுக்குங்க? ஆண்டவருக்கு எல்லார் பேரும் தெரியுமுங்களே." கூப்பிட வேண்டாம் என்றதில் லூயிஸுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதிதான். தெய்வம்மா போனின் மைக் மட்டும் அடைபடவில்லை; அதில் அவரும் கூடவே இருந்து, இருமிக்கொண்டு கேட்டார்.

சில நாளில் கட்டங்கள் குறையத் தொடங்கின. முதலில் வயசாளிகள் காணாமல் போனார்கள். அட்டன் ஆட்கள் நின்றார்கள். குந்தா பவர்ஹவுஸ் குவார்ட்டர்ஸில் இருந்த சசிகலா, புருஷன் குடியை நிறுத்த வேண்டுமென்று ஒரு நாள் தவறாமல் வந்தவள், அவளும் இல்லை. லாட்டரிப் பாண்டியனே வரவில்லை. இந்துமதி திருப்பூரிலிருந்து கூப்பிட்டு, ஆள் குறைந்துகொண்டே வருகிறது மாமா, என்ன செய்வது என்று கேட்டாள். பாஸ்டர், இது சத்துருவின் சோதனை, சேனலுக்கு மாறிவிட்டால் புது ஆத்துமாக்கள் வருவார்கள் என்றார். வருகிற முதல் தேதியிலிருந்து மாற்றிவிடலாம், பழைய இடத்தை மூடிவிடலாம் என்றும் சொன்னார்.

லூயிஸுக்கு ஆட்கள் பேரில்தான் ஆத்திரம். தெய்வம்மா செத்ததும் சனத்தின் பக்தி கலைந்துவிட்டது என்று நினைத்தார். நாய்கள், அவள் கண்ணீரை வாங்கித் தின்றதோடு சரி என்று நினைத்தார். இத்தனை வருஷம் இதுகளுக்காகத்தானா அவள் சர்க்கரை மாத்திரையை மறந்துவிட்டு இந்தக் குளிரில் வந்து உட்கார்ந்தாள்? மூடிவிடலாம் என்று பாஸ்டரிடம் சம்மதம் சொல்லிவிட்டார்.

சொன்னாரே தவிர, மனது ஆறவில்லை. ஒருத்தியையாவது நேரில் பார்த்து நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேட்க வேண்டும் என்று இருந்தது. தேவர்சோலையில் இருந்தாள் வேலாமணி. சிலோனிலிருந்து லூயிஸ் வந்த அதே கப்பலில் வந்தவள், கரையிறங்கியதும் மண்டபம் கேம்ப்பில் பக்கத்துக் கூடாரம். அவள் வேதத்தில் சேராதவள், வீட்டில் மாரியம்மன் படம்தான் மாட்டியிருக்கிறாள். இருந்தும் தெய்வம்மா கூப்பிட்டாள் என்று ஜெபத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டவள். பெரட்டில் இரண்டாம் பேர். லூயிஸ் அடுத்த நாளே பஸ் ஏறினார்.

கூடலூரில் மாறி, தேவர்சோலையில் இறங்கி, ஈரப் பாதையில் நடந்து போய்ச் சேர்ந்தபோது வேலாமணி வாசலில் சாக்கு விரித்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். வா என்றாள். எழுந்து போய்ப் பிளேன்டீ போட்டுக் கொண்டுவந்து, அந்தக் காலத்துத் தோட்டத்து வழக்கப்படி உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்தாள். தெய்வம்மாவின் அடக்கத்துக்கு வர முடியாத முட்டிவலியைப் பற்றிச் சொன்னாள். லூயிஸ் சீனியை நக்கித் தேநீரைக் குடித்து முடிக்கும் வரை பொறுத்தார்.

"போனு கெட்டுப் போச்சா?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு."

"பின்ன ஏன் வரல? ஆளு செத்ததும் சாமியும் செத்துப் போச்சா?"

வேலாமணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கையிலிருந்த அவரைக்காயை முறத்தில் போட்டாள்.

"பேர வெட்டிட்டு ஊடு தேடி வந்து வேற கேக்குறியா கங்காணி?"

லூயிஸுக்கு விளங்கவில்லை. எவன் வெட்டினான் என்றார்.

"நீதான். பெரட்டுக் கூப்பிட்டியா? நாலஞ்சு நாளு காது குடுத்து உக்காந்திருந்தேன். யாரோ புது ஆளு பேசுறாரு, நல்லாத்தான் பேசுறாரு. நீயும் கூட இருக்க, இருமுறது கேக்குது. ஆனா பழைய பெரட்டக் காணோம். நாமளா இருக்கேன்னு சொல்லிப் பாப்போம்னா, பொத்தான அமுக்கி எங்க வாயயும் கட்டிட்டீங்க. தோட்டம் கை மாறிப் புதுத் தொரை வந்தா என்ன நடக்கும்? உனக்குத் தெரியாதா?"

தெரியும். லூயிஸுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? சிலோனில் தோட்டம் கை மாறினால் ஒரு நாள் காலையில் பெரட்டுக் களத்தில் பழைய ஆட்கள் பேரைக் கூப்பிடமாட்டார்கள். உன்னை நிறுத்திவிட்டோம் என்று ஒருவரும் வாயால் சொல்லமாட்டார்கள். பேர் வராது, அவ்வளவுதான். வேலாமணியின் அப்பனுக்கு அப்படி நடந்ததை அவள் இப்போது சொன்னாள். மம்பட்டியைத் தோளில் வைத்தபடி நின்றாராம். மற்றவர்கள் எல்லாம் மலைக்கு ஏறிப் போன பிறகும் நின்றாராம். பிறகு திரும்பி லயத்துக்கு வந்து, மம்பட்டியைக் கழுவி மூலையில் சாத்திவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம்.

"ஏன்னு போய்க் கேக்கலையா?" லூயிஸுக்கே அது மடத்தனமான கேள்வி என்று தெரிந்தது. ஆனாலும் கேட்டார்.

"கேக்குற வழக்கம் உண்டா? பேரு வரலைன்னா கூடையத் தூக்கிட்டுத் திரும்பிட வேண்டியதுதான். சசிகலாவும் அதத்தான் சொல்லுச்சு. பாண்டியன் அப்பன் உசுரோட இருக்கானே, அவன் மகங்கிட்ட, டேய் நம்ம பேர வெட்டிட்டாங்க, வீம்புக்குப் போயி நிக்காதன்னு சொல்லிட்டானாம். எனக்குக்கூட, நாம வேதத்துல சேராத ஆளு, தெய்வம்மா மொகத்துக்காக வச்சிருந்தாங்க, இப்ப வேணாம்னுட்டாங்கன்னு தோணுச்சு. அழுதேன். உனக்கென்ன?"

மழை பிடித்துக்கொண்டது. இருவரும் உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்தார்கள். லூயிஸுக்கு ஆத்திரத்தைக் கொட்ட வந்த இடத்தில் கொட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. கடைசியில், அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

"மொதப் பேரு அவ பேருதான். அதச் சொல்லாம அடுத்தது வாயில வரமாட்டேங்குது."

"அப்ப அதையே சொல்லு."

"செத்த ஆளு பேர எப்பிடிக் கூப்பிடுறது? வெட்டணும்ல."

வேலாமணிக்குக் கோபம் வந்தது. "வெட்டுறது தொரை வேல. கங்காணிக்கு என்ன வேல? கூப்பிடுறது. ஆளு வரலைன்னா என்ன சொல்லுவ?"

"வரலைன்னு சொல்லுவேன்."

"அப்புறம்?"

"அடுத்த பேரக் கூப்பிடுவேன்."

வேலாமணி உரித்த அவரையைக் கழுவ எழுந்தாள். போகும்போது அவர் கையில் ஒரு பை அவரையைக் கொடுத்து, பஸ்ஸில் கொட்டிவிடாதே என்று மட்டும் சொன்னாள்.

திரும்புகிற வழியில் கூடலூரில் இறங்கிப் பாஸ்டர் வீட்டுக்குப் போனார். சுற்றி வளைக்கத் தெரியாத ஆள். சேனலுக்கு மாற்ற வேண்டாம், நாளையிலிருந்து நானே நடத்துகிறேன், நீங்கள் வர வேண்டியதில்லை என்று வாசலில் நின்றபடியே சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு நடந்ததைச் சொன்னார். பாஸ்டர் சண்டை பிடிப்பார் என்று எதிர்பார்த்து அதற்கு ஏற்ற முகத்தோடுதான் நின்றிருந்தார். பாஸ்டர் வாசலுக்கு இறங்கி வந்தார்.

"நான் மைக்க அடைச்சது தப்புங்க ஐயா. தெரியாமப் பண்ணிட்டேன்." பிறகு கேட்டார். "நானும் சும்மா வந்து கேட்டுக்கலாமுங்களா? கடைசியில எம்பேரையும் சேத்துக்கறீங்களா?"

இதில் ஏதாவது உள்குத்து இருக்குமோ என்று லூயிஸ் யோசித்தார். இருந்தாலும் இருக்கும். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் மடுவத்தில் நின்று இந்துமதியைக் கூப்பிட்டார். குழுவில் எல்லாருக்கும் தன் குரலில் ஒரு சேதி போக வேண்டும் என்றார். என்ன பேசுவதென்று எழுதித் தரட்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றார். அவள் சொல்லிக் கொடுத்தபடி பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"லூயிஸ் கங்காணி பேசுறேன். யாரு பேரையும் வெட்டல. நாளைக்குப் பெரட்டு."

விடிகாலையில் பனி மடுவத்துக்குள்ளேயே வந்து நின்றது. கீழே பலாமரத்துப் பக்கம் கிளை முறிகிற சத்தம் கேட்டது. லூயிஸ் தகரத்தை நாலு தட்டுத் தட்டி, டார்ச்சை ஒரு சுற்றுச் சுற்றி அடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவருடைய மூலையில்தான் உட்கார்ந்தார். போனைத் திறந்தார். ஒரு கட்டம், இரண்டு, பிறகு மளமளவென்று. அட்டன் ஆட்கள் வந்தார்கள். பாண்டியன் வந்தான், ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தான். கடைசியில் இஸ்திரி போட்ட சட்டையோடு பாஸ்டரும் வந்து ஓரமாக இருந்துகொண்டார். எங்கோ ஒரு குக்கர் மட்டும் விசிலடித்தது.

லூயிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தெய்வம்மா."

பனி சொட்டுவது தகரக் கூரையில் கேட்டது. பக்கத்து மூலையைப் பார்க்கக் கூடாது என்று இருந்தார், பார்த்துவிட்டார்.

"வரல," என்றார். "வேலாமணி."

"இருக்கேன்."

"சசிகலா."

"இருக்கேங்க."

அதற்குப் பிறகு ஒன்றைப் பிடித்து ஒன்று வந்தது. ஒரு பேர் தப்பவில்லை. நூல் அறாமல் கடைசி வரை போய், முடிகிற இடத்தில் ஒரு கணம் நின்று, வேண்டாவெறுப்பாக ரமேஷ் என்றார். பாஸ்டர் என்று சேர்க்கவில்லை. பெரட்டில் பட்டம் கிடையாது.

"இருக்கேனுங்க கங்காணி," என்றார் பாஸ்டர். இரண்டொருவர் சிரித்தார்கள்.

பெரட்டு முடிந்தது. இனி ஜெபம். ஜெபம் பண்ண ஆள் இல்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். பாஸ்டர் வாயைத் திறக்கப் போய், பிறகு மூடிக்கொண்டார். லூயிஸ் போனைப் பார்த்தார், பனியைப் பார்த்தார். பெரட்டு முடிந்ததும் கங்காணி என்ன செய்வான் என்று யோசித்தார். எஸ்டேட் ஒப்பீஸுக்குப் போய்த் தொரை முன்னால் நிற்பான். யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை, யாருக்கு உடம்புக்கு ஆகவில்லை என்று உள்ளதைச் சொல்வான். அது அவருக்குத் தெரிந்த வேலை. தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். கண்ணை மூடவில்லை.

"ஆண்டவரே, லூயிஸ் வந்திருக்கேன். எனக்கு நல்லாப் பேச வராது. உள்ளதச் சொல்றேன், கேட்டுக்கங்க. வேலாமணி வந்திருக்கு. முட்டி வலி, இந்த மழையில ரொம்பப் படுத்துது. ஒங்க ஆளு இல்லைன்னு தள்ளிறாதீங்க. சசிகலா வந்திருக்கு. அது புருசன் குடிய நிறுத்தல. அவன் பொய் சொல்றான், நம்பாதீங்க. பாண்டியன் வந்திருக்கான். லாட்டரி கேப்பான். குடுத்துறாதீங்க. அவன் அப்பனுக்குக் கண்ணு தெரியல, அதப் பாருங்க."

இப்படியே ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டு போனார். தெரிந்ததைச் சொன்னார். சந்தேகம் இருந்த இடத்தில் சந்தேகம் இருக்கிறது, நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள் என்றார். பாஸ்டர் பேர் வந்தபோது, புது ஆள், போகப் போகத்தான் தெரியும் என்றார். அதற்கு மேல் சொல்ல ஆள் இல்லை. ஆனாலும் உட்காராமல் நின்றார்.

"தெய்வம்மா வரல. அங்கதான் வந்திருக்கு. அதோட பேரக் கூப்பிட்டீங்களான்னு ஒரு தடவ பாத்துக்கங்க. அதுக்குக் கேக்கத் தெரியாது. அடுத்தவங்களுக்குன்னா மல்லுக்கு நிக்கும். தன் பேரு வரலைன்னா கூடையத் தூக்கிட்டுத் திரும்பிரும். எங்க ஆளுங்க அப்படித்தான்."

எப்படி முடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தெய்வம்மா முடிக்கும்போது நீளமாக ஏதோ சொல்வாள், அதில் ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை. வேலாமணிதான், ஆமென் சொல்லு கங்காணி என்று எடுத்துக் கொடுத்தாள். வேதத்தில் சேராதவள்.

"ஆமென்," என்றார் லூயிஸ். எல்லாரும் சொன்னார்கள், ஒருவர் மேல் ஒருவராக, சந்தைக்கடை மாதிரி. அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார்.

"சரி. விடிஞ்சிருச்சு. வேலைக்குப் போங்க."